பூசையில் இருந்த பெட்டி

மருந்துக்கடையில் முதலுதவிப் பெட்டி அடுக்குகிறவனுக்கு, தன் சரக்கு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைப்பதில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கியவர்களே, உங்களுக்குத் தெரியாததா? எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் மோட்டார் வண்டிகள் பெருகிய நாளில் தோட்டத்துக்கு, படகுக்கு, காருக்கு என்று எத்தனையோ தகரப் பெட்டிகளை அடுக்கினேன். அவற்றில் ஒன்றின் கதைதான் எனக்கு முழுதாகத் தெரியும்.

கை கழுவியதால் வந்தது

ஜெலுத்தோங் பாதையில் சின்ன பஸ் ஓட்டிய பொன்னுசாமி அண்ணன், மனைவி செல்லம்மாவோடு பெட்டி வாங்க வந்தார். வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கை கழுவி, பெட்டிக்குள் வெள்ளைத் துணி விரித்தேன். அயோடின் குப்பியைச் சாயாதபடி மூலையில் நிறுத்தினேன். பஞ்சு, கட்டுத்துணிச் சுருள், கத்தரிக்கோல், ஊக்கு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. காயத்தில் நேராக வைக்கும் காஸ் துணியை மட்டும் விரல் படாமல் இடுக்கியால் எடுத்து வைத்தேன். அண்ணன் வைத்த கண் வாங்கவில்லை. மூடியை அழுத்தி நீட்டினால், மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஏந்தி நிற்கிறார்!

"கோயில்லகூட இவ்ளோ சுத்தம் பாக்க மாட்டாங்க தம்பி. இது சும்மா பெட்டி இல்ல லா."

சந்தனமும் குங்குமமும்

கொஞ்ச நாள் கழித்து அவர் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் தலைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் பெட்டி. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம், ஒன்றும் குறைவில்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அப்போது காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் ஓர் அம்மாள் கதவில் விரலை நசுக்கிக்கொண்டார். அண்ணன் தன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டாரே தவிர, பெட்டியைத் தொடவில்லை. "அதுக்குத்தானே அண்ணே பெட்டி?" என்று கேட்டேன். காதோடு காதாகச் சொன்னார்:

"அது பஸ்சுக்குக் காவல் தம்பி. சும்மா சும்மா தெறந்தா காவல் போயிரும்."

இரவல் கத்தி

ஆயுத பூசையன்று வீட்டுக்கு அழைத்திருந்தார். வாசலில் பஸ், வாழைக்கன்றோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. உள்ளே ஸ்பேனர், ஜாக்கி, வெட்டுக்கத்தி, நம் பெட்டி எல்லாம் சாமி முன்னால். பூசையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அதனால் இளநீர் வெட்டப் பக்கத்து வீட்டுப் பாராங்குக் கத்தியை இரவல் வாங்கியிருந்தார் அண்ணன். பழகாத கத்தி. வழுக்கி, இடது முன்கையில் ஆழமாக இறங்கிவிட்டது.

நான் பெட்டிப் பக்கம் பாய்ந்தேன். "தொடாத தம்பி! பூசையில இருக்கு!" என்று அலறினார். ரத்தம் கொட்டுகிறது, முகம் வெளுக்கிறது, அப்போதும் அதே பேச்சு. நான் நின்றுவிட்டேன். செல்லம்மா அக்கா நிற்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு பெட்டியை எடுத்து என் கையில் திணித்தார்.

எனக்கு அடுக்கத்தான் தெரியும், கட்டிப் பழக்கமில்லை. காஸ் துணியை மடித்துக் காயத்தில் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, கட்டுத்துணியைச் சுற்றினேன். சிவப்புப் பரவியது. மேலே இன்னொன்று வைத்து இறுக்கினேன். பரவுவது மெதுவாகி, நின்றது. என் கண்ணெதிரே நின்றது! நான் கழுவிய கையால் அடுக்கிய துணி, ஒரு மனிதனின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸை எடுக்க வேண்டும். அதுவும் பூசையில்தானே? அண்ணன் மறுபடி வாயைத் திறந்தார். அக்கா வாழைக்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வண்டி ஓட்டத் தெரிந்த தன் தம்பியைக் கூப்பிட்டார்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஏறுங்க!"

காலிப் பெட்டி

கையில் தையலோடு அண்ணன் கடைக்கு வந்து, காலிப் பெட்டியைக் கவுண்டரில் வைத்தார். இம்முறையும் செருப்பைக் கழற்றினார். நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கண் கலங்கிவிட்டது.

"இது வேலை செய்ற சாமி தம்பி. இனி யாருக்கு வலிச்சாலும் தெறப்பேன் லா."

சொன்னபடியே அந்த பஸ்ஸில் கொசு கடித்தவருக்கும் கட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்; பெட்டியைத் திறக்க வைக்க ஒரு கை வெட்டுப்பட வேண்டியிருந்தது, மூட வைக்க என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.