நாரைக்கு அளவெடுத்தவர்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாடாவை இரண்டு கைகளாலும் நீட்டிப் பிடித்து, குளத்தின் நடுவே நிற்கும் நாரைக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார் பெனோ. நாரை ஒத்துழைக்கவில்லை. அவர் நாடாவைச் சரிசெய்யும் நேரம் பார்த்து ஒரு காலை மடக்கிக்கொண்டது.

"ஏ, ரெண்டு காலையும் ஊனி நில்லு. இப்படி நின்னா பாவாட ஒருபக்கம் ஏறும்லா" என்று கரையிலிருந்து அதட்டினார். கல்யாணப் பெண்களை அதட்டும் அதே குரல்.

பெனோவுக்குப் பாளையங்கோட்டையில் தையல்கடை. வயது அறுபதை நெருங்குகிறது. ஆலயப் பாடகர் குழுவின் அங்கி, பள்ளிச் சீருடை, நர்சுகளின் வெள்ளை உடுப்பு எல்லாம் அவர் கைவேலை. நான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த காலம் முழுக்க அவர் தைத்ததைத்தான் போட்டேன். இப்போது வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்கும் அவரே தைக்கிறார். தையல் உறுதி. காலர் மட்டும் கழுத்தை அறுக்கும். சொன்னால், "துணி சரியாத்தான் இருக்கு. உங்க கழுத்து வளந்துட்டு சிஸ்டர்" என்பார். இஸ்திரி போடும்போது வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு துணிமேல் புஸ்ஸென்று ஊதுவார். நர்சு உடுப்பில் எச்சில் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டுத் தலையாட்டுவார், வாயில் தண்ணீர் இருப்பதால் பதில் வராது.

உயிருள்ள எல்லாமே அவருக்கு வாடிக்கையாளர்தான். கூழைக்கடாவைப் பார்த்தால், "பையக் கொண்டுபோயி வாயில வச்சுத் தச்சிருக்கு பாருங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். எருமைக்குத் தோள்பட்டை இறக்கம். மரங்கொத்தி ஒன்றைத்தான் குறை சொல்வதில்லை. "அது கச்சிதமான பிட்டிங்." பேருந்திலும் நாடா கழுத்தில் தொங்கும். அதைப் பார்த்து டாக்டர் என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பெனோ மறுக்கவில்லை. அம்பாசமுத்திரம் வரை டாக்டராகவே உட்கார்ந்து போனார்.

நாரைக்கு அளவெடுத்ததற்குக் காரணம் சித்ரலேகா. சென்னையில், ஓர் ஆளுக்கு ஓர் உடை என்று கையாலேயே செய்து, நகை விலைக்கு விற்கிற பெண். ஆற்றங்கரைப் பறவைகளை வைத்து உடைகள் செய்து, பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்குப் போட்டு மேடையில் நடக்கவிட வந்தார். இறகு, பிளாஸ்டிக் மணி, ரசாயனச் சாயம் எதுவும் கூடாது. எந்த உயிருக்கும் இடைஞ்சல் கூடாது. இது அவர் நிபந்தனை. மஞ்சள்மூக்கு நாரை பெனோவின் பங்குக்கு வந்தது. கோரைப்புல்லில் நெய்கிற பத்தமடைப் பாயில் அதைப் பாவாடையாகத் தைக்க வேண்டும். வெள்ளை உடம்பு, கறுப்புப் பட்டை, பின்பக்கம் ரோஜா நிறம்.

"இது மேடையில ஒழுங்கா நடந்துட்டா, அடுத்த உடைகள் எல்லாமே உங்க கடையிலதான் மாஸ்டர்" என்றார் சித்ரலேகா.

அன்று சாயங்காலமே, 'ஜிப் மாற்றித் தரப்படும்' என்ற பலகையைக் கடை வாசலிலிருந்து கழற்றிவிட்டார் பெனோ. "இனி பையத் தூக்கிட்டு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரப்படாது" என்று தெருவுக்கே அறிவித்தார். தெரு சிரித்தது. பாவாடை நடக்காவிட்டால் அந்தப் பலகையை அதே தெரு பார்க்க மறுபடி மாட்ட வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. அவருக்கு உறைக்கவில்லை.

பாய் நெய்தது பத்தமடை ஸமீஹா. தறியில் உட்கார்ந்தால் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். "படுக்கப் பாய் கேட்டிருக்காவ, தொழப் பாய் கேட்டிருக்காவ. என் ஹயாத்துல பாய்ல பாவாட கேட்ட மனுசன் நீருதான் அண்ணாச்சி" என்றாள். இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

முதல் தடங்கல் கோரையில் வந்தது. ஸமீஹாவுக்குக் கோரை அறுத்துக் கொடுக்கும் மந்திரமூர்த்தி சீவலப்பேரிப் பக்கம் ஆற்றில் இறங்கியபோது, கோரைக்குள்ளே ஒரு நீலத் தாழைக்கோழி முட்டை வைத்து உட்கார்ந்திருந்தது. பெனோ குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"அது பொரிச்சு எறங்கட்டும். பொறவு அறுக்கலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன, கூட உக்காந்து அடகாக்கவா வே?" என்றார் மந்திரமூர்த்தி.

"இடைஞ்சல் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாவ. உம்ம வீட்டுக் கூரைய ஒருத்தன் பாவாடைக்கு அறுத்தா விடுவீரா?"

மந்திரமூர்த்தி அரிவாளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனார். வேறு இடத்தில் அறுக்கலாமே என்று நான் கேட்டேன். அங்கேயும் ஏதாவது உட்கார்ந்திருக்கும் என்றார் பெனோ. சும்மா இருக்க முடியாமல் சாயத்தில் இறங்கினார். ரோஜா நிறத்துக்காகப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்து, ஆறவைத்த தண்ணீரைத் தாமே தேநீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு, "சிஸ்டர், நான் உள்ளுக்குள்ள செவந்துட்டேன்" என்று ஓடி வந்தார். அது கேரளத்தில் தினமும் தண்ணீரில் போட்டுக் குடிக்கிற கட்டைதான், போய் வேலையைப் பாரும் என்று அனுப்பினேன்.

குஞ்சுகள் இறங்கிக் கோரை கைக்கு வந்தபோது, பட்டுபோல மடியும் மெல்லிய பாய் நெய்ய அவகாசம் இல்லை. ஸமீஹா நடுத்தரப் பாயாக நெய்தாள். முடித்த கையோடு, எந்தப் பாயையும் செய்வதுபோல, இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்துவிட்டாள். பெனோ அவிழ்த்தபோது ஓரம் சுருண்டு எழுந்தது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் தைத்தார். படிந்தது. மேடைக்கு இஸ்திரிப் பெட்டி வராது என்பதை அவர் யோசிக்கவில்லை.

பாவாடையைப் போட்டு நடந்தவள் ஸ்டெபி. என்னிடம் பயிற்சி எடுக்கும் நெட்டைப் பெண். நோயாளி நம் மேலேயே வாந்தி எடுத்தாலும் முகம் மாறக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். பாயை நம்பாமல், உள்ளே வெள்ளைக் கால்சட்டை போடவைத்ததும் நான்தான். மேடையில் நடக்கிற பிள்ளைகள் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பெனோ பயந்ததால், முதலுதவிப் பெட்டியோடு மேடையருகே உட்கார்ந்திருந்தேன்.

விளக்குப் போட்டார்கள். ஸ்டெபி வந்தாள். நாரை மாதிரியே இருந்தாள். அதில் குறை சொல்ல முடியாது. சில அடிகள் நடந்ததும் பாவாடையின் கீழ் ஓரம் மெதுவாகச் சுருள ஆரம்பித்தது. கணுக்கால் தெரிந்தது. அவள் நடக்க நடக்க, படுத்தவர் எழுந்துபோன பாய் போல, அது பாட்டுக்குத் தன்னைச் சுருட்டிக்கொண்டு முட்டி வரை ஏறிவிட்டது. ஸ்டெபியின் முகம் அசையவில்லை.

"ஏலே, மழ வருதுலே! பாயச் சுருட்டுதாவ!" என்று பின்வரிசையில் ஒரு குரல். மண்டபம் குலுங்கியது.

திரைக்குப் பின்னாலிருந்து பெனோ பாய்ந்து வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டெபியின் பின்னாலேயே வாத்து மாதிரி நடந்தார். கழுத்தில் நாடா ஆடியது. பின்பக்கம் அடங்கினால் முன்பக்கம் எழும்பியது.

"பைய நடட்டி! ஏட்டி, பைய!"

"அண்ணாச்சி, தண்ணியத் தெளியும்! நனஞ்சா அடங்கும்!" என்று ஸமீஹா முன்வரிசையில் எழுந்து நின்று கத்தினாள்.

பெட்டியிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். எட்டிப் பிடுங்கி, வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, புஸ்ஸென்று ஓரத்தில் ஊதினார். நகர்ந்தார். மறுபடி வாய் நிறைய. மறுபடி புஸ். சுற்றிச் சுற்றி ஊதினார். கோரை தண்ணீர் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கணுக்காலுக்கு இறங்கியது. மேடை நுனியில் ஸ்டெபி நின்று, திரும்பி, நேராக நடந்து திரும்பி வந்தாள். எச்சில் வேண்டாமென்று இத்தனை வருடம் சொன்ன நான்தான் அன்று பாட்டிலை நீட்டியது.

பெனோவால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. நானும் ஸமீஹாவும் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணித் தூக்கி, திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்தோம். அங்கே சித்ரலேகா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், உங்ககிட்ட நான் கேட்டது பாவாடையா, நீங்களா?"

"ரெண்டும் சேந்துதான் வந்துட்டும்மா" என்றார் பெனோ. தாடையில் இன்னும் தண்ணீர் சொட்டியது.

சித்ரலேகா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எல்லாத்தையும் இப்பக் குடுக்க முடியாது. இன்னும் ஒண்ணு தைங்க. நீங்க பின்னால வராம அது தனியா நடக்கட்டும். அப்புறம் பேசலாம்."

கொஞ்ச நாள் கழித்து முட்டிக்குத் தைலம் கொடுக்கப் போனபோது கடை நடுவில் ஸமீஹாவின் புதுப் பாய் விரித்துக் கிடந்தது. அதன்மேல் 'ஜிப் மாற்றித் தரப்படும்' பலகை. பலகைமேல் பெனோ, காலை நீட்டிக்கொண்டு, முழு எடையோடு உட்கார்ந்திருந்தார். தாம் எழுந்தால் பாயின் ஓரமும் எழும் என்றார்.

வாசலில் ஒரு பெண், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றாள். "ஜிப்பு இனிமே கிடையாதுன்னாவளே அண்ணாச்சி?"

பெனோ அவளைப் பார்த்தார். தமக்குக் கீழே பலகையில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு, இடுப்பை இம்மியும் நகர்த்தாமல், பைக்காகக் கையை நீட்டினார்.