பானெட் திறந்திருந்த வரை

நோரீன் டல்லக் ஆஸ்திரேலியாவின் மேற்கு விக்டோரியாவில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்காக ஏலம் கேட்கும் தரகர். யாருக்காகக் கேட்கிறார் என்று மட்டும் சொல்லமாட்டார். வாங்குபவர் பெயர் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடுவார். நான் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு ஊர் திரும்பியபோது அவர் மக்ரே பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். சாலையைப் பார்த்த ஜன்னலில் பகலிலும் திரை.

அந்த வீட்டை அவர் கேட்டது டூகல்ட் மக்ரேவுக்காக. விற்றவர் டூகல்டின் தம்பி ஈவன். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

"எனக்குன்னு தெரிஞ்சா தரமாட்டான், நோர்," என்றார் டூகல்ட். "வீட்டு வாசல்ல ஏலம் நடக்கறப்ப, உனக்குத் தெரியற மாதிரி ரோட்டோரமா வண்டிய நிறுத்தி பானெட்டத் தூக்கி வைக்கிறேன். தூக்கியிருக்கிற வரைக்கும் கேளு. மூடிட்டா விட்டுடு."

"ரிப்பேர்னு நெனச்சு எவனாவது உதவிக்கு வந்துட்டா?"

"ஏலத்துல குடுக்கற ஓசி கேக்குக்காக ஊரே அங்கதான் நிக்கும். எவன் வரப்போறான்?"

எவரும் வரவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் நோரீன் சாலையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பானெட் திறந்தே இருந்தது. வீடு அவருக்கு விழுந்தது, கையெழுத்துப் போட்டார். செய்தி சொல்லப் போனபோது டூகல்ட் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

"ஆள் போனதோட அவர் குடுத்த அனுமதியும் போச்சு," என்றார் வக்கீல். "அதுக்கப்புறம் நீங்க கேட்டதெல்லாம் உங்களுக்காகக் கேட்டதுதான். கையெழுத்தும் உங்களோடது."

நோரீன் ஈவனிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"வீம்பு புடிச்சவன். உள்ள வந்து நின்னிருக்கலாம்ல," என்றார் ஈவன். "சரி நோர், அவன் மூச்சு இருந்தப்ப கடைசியா கேட்ட விலை எது? அதக் குடு, போதும். செத்தவன நிக்கவெச்சு ஏத்துன காசு எனக்கு வேண்டாம்."

ஏலம் பாதியில் இருந்தபோது கேட்ட விலையைச் சொல்லியிருந்தால் போதும், டவுனில் இருந்த நோரீனின் சொந்த வீடு தப்பியிருக்கும். அவர் தெரியாது என்றார். டவுன் வீட்டை விற்று முழுத்தொகையையும் கட்டினார்.

"ஏதாவது ஒரு விலையச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நடுவுல ஒருதடவ வண்டி ஜன்னல்ல கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, கண்ணு. மர நிழலாவும் இருக்கலாம். நிறுத்தச் சொன்னாரோ, காப்பாத்தக் கூப்பிட்டாரோ. பானெட் திறந்துதான இருக்குன்னு, நான் அடுத்த விலைக்குத் தலையாட்டிட்டேன்."