பழைய பக்கங்களில் இல்லாத சிவப்பு வரி

சித்திக்கு லிப்ட் என்றால் பயம். மூன்றாவது மாடியில் இருந்த ஆபீசுக்குப் பதினாறு வருடமும் படியேறித்தான் போனாள். அந்த ஆபீசே லிப்ட் பராமரிக்கிற கம்பெனிதான் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி நான் சிரிப்பேன்.

"சிரி, நல்லாச் சிரி. எந்த லிப்ட் எப்ப மக்கர் பண்ணும்னு படிச்சவளுக்குத்தான் தெரியும்" என்பாள்.

படிப்பதும் எழுதுவதும்தான் அவள் வேலை. கம்பெனியின் விக்கியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். விக்கி என்றால் கம்பெனியில் எல்லாரும் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம் என்கிற மாதிரி கணினியில் ஒரு பொது நோட்டு. முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மெஷின் ரூம் சாவி யாரிடம் இருக்கும், எந்த மாடிக் கதவு சண்டித்தனம் செய்யும், எல்லாம் அதில் உண்டு. மெக்கானிக்குகள் வேலையில் கை வைக்குமுன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சித்தி ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தாள். புதுப் பக்கம் திறந்தால் தலைப்புகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும், நிரப்பினால் போதும். நிரப்பாவிட்டாலும் டெம்ப்ளேட் யாரையும் அதட்டாது. அதனால் 'கட்டடத்தின் பெயரை இங்கே எழுதவும்' என்ற பெயரிலேயே நான்கு கட்டடங்கள் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் நானும் ஒரு பக்கம் திறந்தேன். கட்டடம்: எங்கள் வீடு. மாடி: இல்லை. லிப்ட்: சித்தி. அவசரத்துக்கு அழைக்க: சித்தி. மறுநாள் ஆபீசே சிரித்ததாம். நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் அண்ணன் மட்டும் சிரித்ததோடு நிற்காமல் ஒரு வரி சேர்த்திருந்தார். அடிக்கடி மக்கர் பண்ணும் பாகம்: பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அந்தக் குட்டிப் பிசாசு.

சித்தி என் காதைத் திருகினாள். பக்கத்தை அழிக்கவில்லை.

பிறகு ஒரு கட்டடத்தில் ஒரு மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லிப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கினார். அங்கே லிப்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வந்தது. ஜெனரேட்டர் தானாக எழுந்தது, லிப்ட் இறங்கியது, ஆள் மயிரிழையில் தப்பினார். மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டார். இரண்டு வழி உள்ள கட்டடமா என்று பக்கத்தின் தலையிலேயே சிவப்பில் போட வேண்டும், டெம்ப்ளேட்டில் சேருங்கள் என்றார்.

"சேர்த்துடலாம் சார். ஆனா இனிமே திறக்கிற பக்கத்துலதான் அது வரும். பழசுல ஒண்ணும் மாறாது."

"அதெப்படிம்மா? எல்லாம் அதுலேர்ந்து வந்த பக்கம்தானே?"

"வந்ததோட சரி சார். ரப்பர் ஸ்டாம்பை மாத்தினா, முன்னாடி குத்தின பேப்பர்லாம் மாறிடுமா?"

"சரி சரி, ஒண்ணொண்ணாப் போட்டுருங்க. நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்."

அன்று மாலையே சொல்லிவிட்டார். இரண்டு வழிக் கட்டடமென்றால் பக்கத்தில் சிவப்பு வரி இருக்கும். எப்போதிலிருந்து இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

சித்தி ஒவ்வொரு கட்டடத்தின் காவலாளிக்கும் போன் போட்டாள். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் போய்ப் பார்த்துச் சொல்ல அரைமணி ஆக்கினார்கள். மற்ற வேலைகளுக்கு நடுவில் எட்டு நாளில் நாற்பத்தேழு பக்கம் முடித்தாள்.

ஒன்பதாம் நாள் காலை நெட்டை அண்ணன் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனார். வாசலில் நின்று போனில் பக்கத்தைப் பார்த்தார். "சிவப்பு இல்ல, ஒரே வழிதான். அக்கா பக்கம்னா தப்பா இருக்காது" என்று கூட வந்தவரிடம் சொன்னார். மெயினை அணைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அவர் உயரத்துக்கு அந்தக் குழியில் குனிந்துதான் நிற்க முடியும்.

அந்தக் கட்டடத்துக்கும் இரண்டு வழி; சித்தி இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. மேலே கொண்டுவரும்போதே உயிரில்லை.

மறுநாள் வெளியிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சித்தியிடம் மெதுவாகப் பேசினாராம்.

"அந்தப் பக்கத்துல சிவப்பு வரியைப் போட்டு ஒரு பிரிண்ட் எடுங்கம்மா. பேப்பர்ல தேதியா தெரியப் போகுது?"

"அப்போ அவன் படிக்காம இறங்கினான்னு ஆயிடுமே சார்."

"இல்லேன்னா நீங்க போடலைன்னு ஆகும். யோசிச்சுக்கோங்க."

சித்தி யோசித்தாள். பக்கத்தைத் தொடாமல் அப்படியே பிரிண்ட் எடுத்தாள். யார் எப்போது திருத்தினார்கள் என்ற பட்டியலையும், யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து எடுத்தாள். கடைசியாகத் திருத்தியது மூன்று வருடம் முன்பு, அவளே. கடைசியாகத் திறந்தது நெட்டை, காலை பத்து பதினான்குக்கு. வந்தவர்கள் கையில் அவளே கொடுத்தாள்.

அன்றே வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். அவளுடைய பாஸ்வேர்டை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. "நீ பேரை வாசி" என்றாள். மிச்சமிருந்த இருநூற்று அறுபத்தைந்து பக்கங்களின் பெயரையும் நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் அவள் ஒரே வரியை ஒட்டினாள்: மின்சார வழி இன்னும் சரிபார்க்கவில்லை, போன் செய்து கேட்காமல் இறங்காதே. பெயரை இங்கே எழுதவும் என்ற கட்டடங்கள் வந்தன. வேறு நாளாக இருந்தால் குரலை மாற்றி வாசித்திருப்பேன். கடைசியில், கணக்கில் சேராத எங்கள் வீடும் வந்தது. தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். அவள் அதிலும் ஒட்டினாள். நெட்டை அண்ணன் எழுதிய வரி கீழே அப்படியே இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து நெட்டை அண்ணனின் மனைவி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவர் பார்க்காமத்தான் இறங்கினார்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. அசால்ட்டான ஆளாம். நீங்க சொல்லுங்கக்கா."

சித்தி தன்னிடமிருந்த இன்னொரு பிரிண்டைக் கொடுத்து, அந்த நேரத்தின்மேல் விரலை வைத்தாள். "படிச்சான். படிச்சுட்டுத்தான் இறங்கினான்."

அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரை நான்காக மடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். சித்தி விடவில்லை.

"சரிபார்க்கலைன்னு ஒரு வரி. அதை மட்டும் முதல் நாளே எல்லாத்துலயும் போட்டிருக்கணும். ரெண்டரை மணி நேர வேலைம்மா. எனக்குத் தோணல."

அவர் நிமிர்ந்து சித்தியையே பார்த்தார். பேப்பரைப் பைக்குள் வைத்தார். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் வாசற்படி இறங்கிப் போனார்.

கதவைச் சாத்த நான் எழுந்தேன். "திறந்தே இருக்கட்டும், விடு" என்றாள் சித்தி.