மருந்தடித்த கறிவேப்பிலை

போன ஞாயிறு காரமடைக்குப் போயிருந்தேன். வாசம் தேடி. சிவகாமியக்கா தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளினால் விரல் மறுநாள் வரை மணக்கும். துடியலூரில் நான் வாங்குவதைக் கசக்கினால்...? வெறும் பச்சை ஈரம்.

அக்கா ஆர்கானிக். சுற்றிலும் எல்லோரும் மருந்து அடிக்க, இவர் மட்டும் மூன்று வருஷமாக ஒரு சொட்டுப் படாமல் வளர்த்திருந்தார். வருகிற வாரம் ஆய்வு. இலை தேறிவிட்டால் சர்ட்டிபிகேட், அப்புறம் ஏற்றுமதி. இந்த நேரம் பார்த்து மகளுக்குப் பிரசவம். சூலூருக்குக் கிளம்பும்போது பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி அண்ணனிடம், "தோட்டத்தக் கொஞ்சம் பாத்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவரும் பார்த்துக்கொண்டார்.

நான் போய் நிற்கவும், பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு அக்கா பஸ் இறங்கி வரவும் சரியாக இருந்தது. கேட்டருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சின்னச்சாமி அண்ணன் நின்றிருந்தார்.

"ஏனுங்கண்ணா... இதென்ன வாசம்?"

"மருந்து அம்மணி. எலையெல்லாம் ஒரே புழுவு. உட்டா, நீ வாரதுக்குள்ள குச்சிதான் நிக்கும். நம்மூட்டு மருந்தையே அடிச்சுபோட்டேன். காசு கீசு கேக்க மாட்டேன், பயந்துக்காதே!"

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"மருந்தே ஆகாதுன்னு தானுங்கண்ணா மூணு வருசமா..."

"நீ உரம் போட மாட்டேன்னு தெரியும். மருந்துமா? புள்ளைக்குக் காச்சல் வந்தா மருந்து குடுக்காம உட்டுருவியா?"

கொல்வதற்கும் பிழைக்க வைப்பதற்கும் ஒரே பெயரை வைத்தவர்கள் நாம். பிள்ளைக்கு மருந்து. பூச்சிக்கு மருந்து. மனசு வெறுத்தவன் குடிப்பதும் — மருந்து. அக்காவின் வீட்டுக்காரர் போனது அப்படித்தான். அன்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இதே சின்னச்சாமி அண்ணன். அந்த மருந்துப் பாட்டில் இனி வாசலேறக் கூடாது என்றுதான் அக்கா ஆர்கானிக்குக்கு மாறினார்.

அது அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மணி... தப்புப் பண்ணிப்போட்டனா?"

உதவி செய்தவரை எப்படித் திட்டுவது? எங்கள் ஊரில் சண்டைக்கே 'ங்க' போட வேண்டும். "போச்சாதுங்கண்ணா, பரவாயில்லீங்க" என்றார் அக்கா. ஆய்வுக்கு வர வேண்டாம் என்று அங்கேயே நின்று போனில் சொன்னார்.

மூன்று வருஷக் கணக்கும் அழிந்தது; இனி மறுபடி முதல் வருஷம்.

அந்த நேரம் பார்த்து மார்க்கெட் வேன் வந்தது. வியாபாரி தலையை நீட்டினார். "அக்கோவ், எல என்ன பளபளன்னு நிக்குது! வெட்டிக்கட்டுமா?"

"திங்கறதுக்கு ஆகாதுங்க தம்பி. வெட்டிக் குழியில போடப் போறேன்."

"குழியிலயா? நல்லா இருக்கறீங்கல்ல?" வியாபாரி சிரித்துக்கொண்டே வேனைத் திருப்பி, மருந்தடிக்கிற அடுத்த தோட்டத்தில் நிறுத்தினார்.

நாளைக்கு நம் வீட்டு ரசத்துக்கு இலை எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே!