ஆறு ஐம்பதுக்கு வந்த கால்

1. பெயர்: காலி

எங்கள் கம்பெனிக்குப் பெயரில்லாத கால் முதல்முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அன்றைய லிஸ்டில் முதல் ஸ்கேனாக இருந்தது. நேரம் காலை ஆறு ஐம்பது. பெயர் எழுதும் கட்டம் காலி.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு செய்கிறோம். மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. அதனால் ஆளை ஒரு பிரஷர் மேட் மேல் நிற்க வைப்போம். ஏறி நின்றாலே ஸ்கேன் தானாகப் பதிவாகும்; எடை அதிகம் விழும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். இன்றைக்குச் சிவப்பு என்றால் நாளைக்கு அங்கே புண். அந்த இடத்தில் எடை விழாதபடி செருப்பின் அடியைக் குழித்துக் கொடுத்தால் ஆள் தப்பித்தார்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் பதினோரு வருஷம் இருந்தேன். மேட், சாஃப்ட்வேர் எல்லாம் என் பொறுப்பு. பார்ட்னர் தயாளன் அண்ணன் அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். கால் அச்சுக்கட்டை செதுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது ஆள் கஸ்தூரி. ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பாள், வருகிறவர்கள் பெயரை எழுதுவாள். யாருக்காவது டெமோ காட்ட வேண்டுமென்றால் அவள்தான் மேட் மேல் ஏறி நிற்பாள்.

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு இதில் குதித்த இரண்டாம் வருஷம் அது. ஒரு ஆர்டர் வந்தால் அன்றைக்கு மூன்று பேருக்கும் பிரியாணி. மறுநாள் ஒரு சாம்பிள் பிய்ந்து திரும்பி வந்தால் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் கைவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

அதனால் லிஸ்டில் குப்பை இருக்கக்கூடாது என்று அந்தப் பெயரில்லாத ஸ்கேனை அழித்தேன். புதன்கிழமை மறுபடியும் வந்தது. அதே ஆறு ஐம்பது, அதே கால். வியாழனும் வந்தது. கேபிளை மாற்றினேன், மேட்டைத் துடைத்துக் காயவைத்தேன். வெள்ளிக்கிழமையும் வந்தது. ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே அழித்தேன்.

2. ஒடுகத்தூர்ப் பெரியவர்

"ஒன்பது மணிக்கு முன்னாடி ரூமைத் தொறக்கிறியா?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"நானா? இல்லக்கா. நான் வரும்போது பூட்டு அப்டியேதான் தொங்குது."

சாவி இருந்தது எங்கள் மூன்று பேரிடம் மட்டும். தயாளன் அண்ணன் நாட்றம்பள்ளியிலிருந்து பத்து மணிக்குத்தான் வருவார். இருந்தாலும் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கு ஆறு மணிக்கு வர்றேன்?" என்று சிரித்தார். "ஒடுகத்தூர்ப் பெரியவரா இருக்கும்மா. செருப்பு ரெடியாச்சான்னு பாத்துட்டுப் போறாரு."

ஒடுகத்தூர்ப் பெரியவர் எங்களிடம் அளவு கொடுத்தவர். செருப்பு முடிவதற்குள் இறந்துவிட்டார். அந்த ஜோடி எடுக்க ஆளில்லாமல் ரேக்கிலேயே இருந்தது. அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னார், கஸ்தூரிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் போய்ப் பெரியவரின் பழைய ஸ்கேனைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீளம் இரண்டிலும் ஒன்று. அகலமும் கிட்டத்தட்ட ஒன்று.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். அந்தக் காலில் வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தது. தினமும் காலையில் அது கொஞ்சம் பெரிதாக வந்தது. பட்டாணி அளவு, புளியங்கொட்டை அளவு, அப்புறம் அதற்கும் மேலே. உயிரோடிருக்கும் ஆளின் கால் என்றால் முதல் வாரமே போன் போட்டு, "எல்லாத்தையும் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று கத்தியிருப்பேன். இதற்கு யாருக்குப் போன் போடுவது?

"ஒரு கேமரா வெச்சிடலாம்க்கா," என்றாள் கஸ்தூரி. நானும் யோசித்தேன். ஆறு ஐம்பதுக்கு மேட் அமுங்கி, கேமராவில் யாருமே தெரியாவிட்டால்? அதற்கப்புறம் அந்த ரூமில் நான் எப்படி உட்கார்ந்து வேலை செய்வேன்? கேமரா வாங்கவில்லை. என் வீடு அங்கிருந்து ஸ்கூட்டியில் ஏழு நிமிஷம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

மூன்றாவது வாரம் படித்தவள் செய்யும் காரியம் ஒன்று செய்தேன். பெயரில்லாமல் வரும் ஸ்கேனையெல்லாம் எட்டு மணிக்குத் தானாக அழித்துவிடும்படி சாஃப்ட்வேரில் நாலு வரி சேர்த்தேன். மறுநாள் லிஸ்ட் சுத்தமாக இருந்தது. பேயை ஓட்டிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நானே பிரியாணி வாங்கினேன்.

3. டெமோ

பத்து நாள் கழித்து முதலீட்டாளர் வந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி மேடம், யாரையாவது நிக்க வெச்சுக் காட்டுங்க," என்றார்.

கஸ்தூரியைப் பார்த்தேன். வாசலைத் தாண்டமாட்டேன் என்று தலையாட்டினாள். எத்தனை கண் ஜாடை காட்டியும் நகரவில்லை.

"அண்ணே, நீங்க நில்லுங்க," என்றேன்.

"நானா? வேணாம்மா, நீ நில்லு."

"நான் கம்ப்யூட்டர்ல இருக்கணும்ல? சாக்ஸோட நின்னாலும் பரவால்ல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக ஏறி நின்றார்.

திரையில் கால் வந்தது. அதே நீளம், அதே அகலம். வலது பெருவிரலுக்குக் கீழே அந்தச் சிவப்பு. இப்போது அது பாதி முன்பாதத்தைத் தின்றிருந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடேயப்பா, எவ்ளோ கிளியரா காட்டுது!" என்றார் முதலீட்டாளர். "இந்தச் சிவப்பு இன்னா சொல்லுது மேடம்?"

இந்த இடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். நான் டெமோவை நிறுத்தவில்லை. "ரிஸ்க் ஏரியா சார்," என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் விளக்கினேன். வேறு யாருடைய காலையோ காட்டுவது மாதிரி அவருடைய காலைக் காட்டினேன். அவரும் இறங்காமல் நின்றார்.

கார் கிளம்பியதும் சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குக் குழி. கஸ்தூரி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வலிக்கலயாண்ணே?"

"வலிச்சாத்தான் தெரிஞ்சிருக்குமே," என்றார்.

வேலூரில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். முதலீட்டாளரிடமிருந்து சம்மதம் என்று மெயில் வந்தபோது நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தேன். இரண்டு வருஷமாகக் காத்திருந்த மெயில். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐயோ என்றிருந்தது.

4. வார்டில்

புதிதாகக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகள் யோசனை கேட்டு வருகிறார்கள். என்னிடம் இருப்பது அன்றைக்கு வார்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும்தான்.

"அந்த ஸ்கேனையெல்லாம் நான்தான்ணே அழிச்சேன்," என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதான் எதுவுமே நிக்கலியா? தெனம் மொத பஸ்ஸப் புடிச்சி வந்து நிப்பேன். வெளிய போய் டீ குடிச்சிட்டுப் பத்து மணிக்குத் திரும்ப வருவேன். நேத்தைக்கு இன்னைக்கு ஜாஸ்தியா கம்மியான்னு பாக்கலாம்னு தேடுனா, நேத்து எடுத்தது இருக்காது. மெஷினே தூக்கிப் போட்டுடுதுன்னா பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சென்னைக்காரரு வர்ற நேரம். கம்பெனியே ரெண்டு பேரு. அதுல ஒருத்தனுக்கே சர்க்கரை வந்து கால் அழுகுதுன்னா எவன் கையெழுத்து போடுவான்?"

"நான் கேட்டதுக்கு ஒடுகத்தூர்ப் பெரியவர்னு சிரிச்சீங்களே!"

"பொய்தான் சொன்னேன். தப்புதான், ஒத்துக்கிறேன்." கட்டுப்போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு எஸ்தர். செத்தவரு எழுந்து வர்றாருன்னு நீ நம்பிட்ட. தெனம் எதிர்ல ஒக்காந்து வேல செய்றவனுக்கு ஒடம்புக்கு முடியாம இருக்கும்னு உனக்குத் தோணவேயில்ல பாரு."