திருட்டுப் பட்டம் வாங்கிய மென்பொருள்

பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினில் எழுத்துகள் எந்தெந்த இடத்தில் இருந்தனவோ, அதே இடங்களில் கம்ப்யூட்டரிலும் அடிக்க உதவும் ஒரு சின்ன மென்பொருளை எழுதியிருக்கிறேன். இலவசம்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு அந்தப் பழக்கத்தில்தான் விரல் ஓடும். இனிமேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள் என்றால் அழுதுவிடுவார்கள். ஒரத்தநாட்டில் வீட்டு வேலையும் வயல் வேலையும் போக மிச்ச நேரத்தில் செய்தது அது. ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் யாரும் என்னைத் தேட மாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைப்பானேன்.

சம்பா நடவுக்கு வந்த ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் பேராவூரணியிலிருந்து போன் வந்தது. பத்திர எழுத்தர் ஒருவரின் ஆபீசில் டைப் அடிக்கும் பெண் பேசினாள். என் மென்பொருளைத் திறந்ததும் ஆன்டிவைரஸ் சிவப்புக் கட்டம் காட்டி, அடிக்கிற எழுத்தையெல்லாம் திருடுகிற நிரல் இது என்கிறதாம். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் நிறைய, பத்திரம் எழுத வந்த பார்ட்டிகள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும், "ஊர்ச் சொத்து விவரமெல்லாம் இதுலதான் இருக்கு. யாருக்கும்மா அனுப்புற?" என்று கேட்டுவிட்டார். மென்பொருளை ஏற்றியது அவள்தான். விஷயம் தெளிகிற வரை வர வேண்டாம் என்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

"நான் யாருக்கு மேடம் அனுப்பப் போறேன்? எனக்கு மெயிலே ஒழுங்கா அனுப்பத் தெரியாது" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எனக்குச் சுரீர் என்றது. தட்டுகிற விசையைப் படிக்காமல் டைப் அடிக்கும் மென்பொருள் வேறு எதைப் படிக்கும்? தபால்காரர் விலாசத்தைப் படிக்கிறார் என்று போலீசைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு முறையிட்டேன். அதற்குள், மென்பொருளை இறக்கிக்கொள்வதற்கான என் இணையதளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனி, ஆபத்தான கோப்பு இருப்பதாகப் புகார் வந்தது என்று தளத்தையே இழுத்து மூடியது. சுத்தமான கோப்புதான் என்று ஆன்டிவைரஸ்காரர்களிடம் எழுதி வாங்கி வரச் சொன்னது. அவர்களோ, தளத்திலிருந்து கோப்பை இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். தளம்தான் மூடிக் கிடக்கிறதே! வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டது என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் பாவம், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

கடைசியில் கோப்பை வேறொரு இடத்தில் ஏற்றி அந்த இணைப்பை அனுப்பினேன். சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. தவறான எச்சரிக்கை, திருத்திவிட்டோம், ஆன்டிவைரஸைப் புதுப்பித்தால் போதும் என்றிருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அதைக் காட்டியதும் ஹோஸ்டிங்காரர்களும் தளத்தைத் திறந்துவிட்டார்கள்.

உடனே அவளுக்குச் சொன்னேன். மறுநாள் அவளே கூப்பிட்டு, முதலாளி திறந்து பார்த்தாராம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்னும் சிவப்பாகத்தான் வருகிறதாம் என்றாள். பட்டுக்கோட்டையில் பஸ் மாறி, பேராவூரணிக்கே போய் இறங்கினேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, இளநீர் வாங்கி வரச் சொன்னார். கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால், நெட் வயர் பிடுங்கிச் சுருட்டிக் கிடக்கிறது. இது எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"திருடன் உள்ள இருக்கான்னதும் பிடுங்கிட்டேங்க. எதையும் வெளியில கொண்டு போயிடக் கூடாதுல்ல?" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. திருடன் வெளியே போகாமல் அடைத்தவர், திருத்தம் உள்ளே வரும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டார். வயரைச் சொருகி, ஆன்டிவைரஸைப் புதுப்பித்து, என் மென்பொருளைத் திறந்தேன். சிவப்புக் கட்டம் வரவில்லை. அவரும் கிட்டே வந்து திரையைப் பார்த்துவிட்டு, நீண்ட மூச்சு விட்டார்.

அவரே அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது, நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

"பார்ட்டிங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

இருக்கிறார்கள் என்றார்.

"அன்னைக்குப் பார்ட்டிங்க முன்னாடிதானே கேட்டீங்க. இன்னைக்கும் பார்ட்டிங்க முன்னாடியே சொல்லிடுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம ஆபீஸ் பொண்ணு எதையும் எடுக்கல. மெஷின் தப்பா சொல்லுச்சு. நான் அதை நம்பிட்டேன்."

போனில் அவள் அழுவது எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாளைக்கு எதற்கு, இப்பவே வருகிறேன் என்றாள்.