கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்

சித்தேரி மலைமேல் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. பெண்கள் கழிப்பறையைப் புதுப்பிக்க உதவி கேட்டுத் தலைமையாசிரியர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பணத்துக்குக் கல்லூரித் தோழிகள் சிலர் ஒத்துக்கொண்டார்கள். அளவெடுத்துத் திட்டம் போடுவது என் பங்கு. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

தருமபுரியிலிருந்து அரூர் நாற்பது கிலோமீட்டர். காலை ஆறரைப் பேருந்து, முப்பது ரூபாய். அரூரில் ஆட்டோ, போக வர ஆயிரத்து இருநூறு. மலை ஏறும்போது ஓட்டுநர் ஒருமுறைதான் பேசினார்.

"ஜனங்க மலை பாக்க வருவாங்க. கக்கூஸ் பாக்க வந்த மொத ஆளு நீங்கதாங்க."

ஒன்பதே காலுக்குப் பள்ளி. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஆறு அறைகள். பெயர்ந்த டைல்ஸ். துருப்பிடித்த கதவுகள். தண்ணீர் வராத குழாய். எல்லாம் கடிதத்தில் இருந்தவைதான். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் கோமதி, பத்தாம் வகுப்பு.

"நல்லாப் படிக்கற பொண்ணுங்க," என்றார் தலைமையாசிரியர். "ஆனா மாசம் மூணு நாள் லீவு. இதுக்கு மேல பதினொரு நாள் லீவுதான் தாங்கும். தாண்டுச்சுன்னா பப்ளிக் எழுத விட முடியாது."

அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் கேட்டேன்.

"தண்ணி இல்லாததாலயா?"

"தண்ணி குடத்துல எடுத்தாந்துருவோங்க்கா." கதவுக்கு நேரே கை நீட்டினாள். வேலிக்கு அப்பால் ஒரு புங்கமரம். அடியில் மஞ்சள் பூசிய கல். "அந்த நாள்ல கதவத் தொறந்தா ஆத்தா பாக்கும்."

ஆறு கதவுகளும் கிழக்கே திறந்தன. மேற்கே மைதானம், பையன்கள் பார்க்கக்கூடாது என்று யாரோ யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கக்கூடாது. பள்ளிக்கு வந்தால் மாலைவரை அடக்க வேண்டும். வராமல் இருக்கிறார்கள்.

கோமதியையும் கூட்டிக்கொண்டு, சத்துணவு சமைக்கும் உள்ளூர்க்காரர் ராஜம்மாவிடம் போனேன். கதவுகளுக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பி மறைத்துவிடலாமா என்றேன்.

"செவுத்துக்குப் பின்னால ஒளிய, ஆத்தா என்ன உங்க கணக்கு வாத்தியாரா?"

கோமதி சிரித்தாள். அன்று முதல்முறை.

"வாசல அந்தாண்ட வெச்சுக் கட்டுங்க, கண்ணு. அது முன்னாடி போய் நிக்காம இருந்தா போதும்."

அப்படியானால் கதவுகள் மேற்கே. மைதானத்துக்கு ஒரு மறைப்புச் சுவர். கிழக்கு வாசல்களை அடைக்க வேண்டும். இருக்கும் பணத்தில் நான்கு அறைகள்தான் வரும்.

"ஆறு கேட்டேனேங்க," என்றார் தலைமையாசிரியர். காரணம் சொன்னேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "ரெண்டு வருசமா ஒருத்தரும் சொல்லலியே."

"கேட்டீங்களா சார்?" என்றார் கூட வந்திருந்த ராஜம்மா.

தலைமையாசிரியர் நான்கு அறைகளுக்கு ஒத்துக்கொண்டார்.

அந்த ரத்தத்தில் தீட்டு ஒன்றும் இல்லை என்று நான் கோமதியிடம் சொல்லியிருக்கலாம். படித்திருக்கிறேன். நம்புகிறேன். ஆனால் நாலு மணிக்கு எனக்கு ஆட்டோ. அதற்குப் பிறகு அவள் அந்தக் கல்லின் முன்னால் போய் நின்றால், ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி அவள்மேல் விழும். சொல்லவில்லை. அந்த வழக்கத்துக்கு இப்போது என் கையால் ஒரு வரைபடம் இருக்கிறது. இது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

"இனிமே லீவு போடாம வருவியா?"

"மொதல்ல கட்டுங்க்கா."

இப்படி ஒரு வேலைக்குப் போகிறவர்களுக்கு: அரூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மேலே செல்பேசி எடுக்காது; வரைபடத்தைத் தாளில் கொண்டுபோங்கள். சிமெண்ட் ஏற்றிய வண்டிக்கு மழைக்காலத்தில் கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். டேப்பை விரிப்பதற்கு முன் அந்தக் கழிப்பறைக்குப் போகும் பெண்களோடு, அவர்கள் போகும் வழியில் ஒருமுறை நடங்கள். கடிதத்தில் உடைந்தவை மட்டுமே இருக்கும்.

கொத்தனார் ஐந்து வாரம் கேட்டிருக்கிறார். அதற்குள் கோமதிக்கு ஒருமுறையாவது வரும். மூன்று நாள் போகும்.

மீதி எட்டு.